உடல், பார்டர், முந்தி, கம்ப்யூட்டர்

காஞ்சிபுரத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் வரைந்தவரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, அந்தக் கம்ப்யூட்டரையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள் என்று பட்டு மரபுக் காட்சியகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. நான் அதை நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன். அந்தப் பெயர் என் தங்கை துளசியுடையது. அந்தக் கம்ப்யூட்டர் செவிலிமேட்டில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. இனி பித்தளை வாங்குவது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1987-இல், வாலாஜாபாத்தில் நான் நெல் மண்டி நடத்திக்கொண்டிருந்த காலத்தில், பழைய சாமான் வியாபாரி ஜான் பாஷாவிடம் மண்டிக் கணக்கு போடுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். மண்டியில் எவருக்கும் அதைத் தொடத் தைரியம் இல்லை. துளசி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் அதிலிருந்து நட்சத்திரக் குறிகளாலேயே ஒரு மயில் வரிசையை அச்சடித்து எடுத்தாள். ஒரு மயிலின் அலகு அடுத்த மயிலின் வாலைப் பிடித்திருக்கும். அந்தக் காகிதத்தை வைத்துத் தறி அட்டையில் துளை போட்டு, பார்டராக நெய்துவிட்டார்கள். இன்று காஞ்சிபுரத்தில் பாதிக் கல்யாணங்களில் மணப்பெண் அந்தப் பார்டரைத்தான் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைகளில் அதன் பெயர் சிட்டிபாபு பார்டர்.

சிட்டிபாபு பெரிய ஜவுளிக்கடைக்காரர். துளசியின் காகிதத்தை ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனவர். பிறகு 1989-இல் தானும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு ரசீது இருக்கிறது. எங்களுடையதற்கு இல்லை. நாங்கள் வையாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கொடுத்த வாக்குக்கு ரசீது கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே கல்யாண வீடுகளில் என் காது கேட்க, "சிட்டிபாபு பார்டரா, நல்லா இருக்குது" என்பார்கள். எழுந்து போய்ச் சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் தகராறு செய்தவன் என்ற பெயர் வேறு வந்து சேரும்.

காட்சியகத்தின் தனி அலுவலர் பெயர் திருஞானசம்பந்தம். என்னை உட்காரச் சொன்னார். நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாடல் என்ன?"

"கம்ப்யூட்டர்."

"அது ஜாதிப் பேரு ஐயா. நான் கேக்கறது மாடல். கம்பெனி போட்டிருக்கிற நம்பர், எழுத்து எல்லாம். மாடல் தெரிஞ்சா வருஷம் தெரியும். வருஷம் தெரிஞ்சா சிட்டிபாபு சாருக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியும். முன்னாடின்னா உங்க தங்கச்சி பேரு. பின்னாடின்னா அவர் பேரு. எங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். அதன் பின்பக்கத்தில் ஒரு சிறு தகடு உண்டு. அதில்தான் மாடல் இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் ஆயுதபூஜை குறைவில்லாமல் நடக்கும். முன்பக்கத்தில் பொட்டு வைத்தால் திரை கெட்டுவிடும் என்று துளசி சொன்னதால், அந்தத் தகட்டின் மேல்தான் ஒவ்வொரு வருஷமும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தோம். மறுநாள் புளியால் தேய்த்துப் பளபளவென்று துடைத்தோம். தகடு இப்போதும் பளபளவென்றுதான் இருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை.

"வெளிச்சத்துல புடிச்சுப் பாரேன், ண்ணா" என்றாள் துளசி.

பிடித்துப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது.

அதை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் காட்சியகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே பொருள் அடையாள உறுதிக் குழு என்று ஒன்று இருந்தது. அதில் திருஞானசம்பந்தம் தலைவர். பரிசோதகர் அப்பாதுரை ஓர் உறுப்பினர். ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து வந்திருந்த கமல் என்ற இளம் விரிவுரையாளர் இன்னோர் உறுப்பினர்.

கமல் கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "சார், ரொம்ப ஈஸி. பிளக்ல சொருகி ஆன் பண்ணா, முதல் வரியிலேயே மாடல் வந்துரும்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. துளசி ஒயரை எடுத்தே விட்டாள்.

திருஞானசம்பந்தம் கையை உயர்த்தினார். "அம்மா, வையுங்க. காட்சியகத்துல எந்தப் பொருளுக்கும் கரண்ட் கொடுக்கணும்னா மின் பிரிவு அனுமதி வேணும். மின் பிரிவு முதல்ல கேக்கறது மாடல். மாடல் இல்லாம ஒரு பொருளுக்குக் கரண்ட் கொடுத்து, நாளைக்கு அது வேற மாடல்னு தெரிஞ்சா யாருக்குக் கரண்ட் கொடுத்தோம்னு நான் பதில் சொல்லணும்."

"அப்ப எங்க வீட்டுக்கு எடுத்துனு போயி ஆன் பண்ணிப் பாத்துட்டு வந்து சொல்றோம்" என்றாள் துளசி.

"உள்ளே வந்த பொருள் வெளியே போகணும்னா வெளியேற்றச் சீட்டு வேணும்மா. சீட்டுல மாடல் எழுதணும்."

கமல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திருஞானசம்பந்தம் அவரை அன்போடு பார்த்தார். "தம்பி, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். அதுதான் உங்க பலவீனம். தெரிஞ்சவங்க சொன்னா அது கருத்து. தெரியாதவங்க கையெழுத்து போட்டா அது சான்று. நான் முப்பது வருஷமா சான்று கொடுத்துக்கிட்டு இருக்கேன்."

கமல் அதற்குப் பிறகு குழுவில் பேசவில்லை. தேநீர் வந்தால் மட்டும் குடித்தார்.

விற்றவரின் சாட்சியம் இருந்தால் பரிசீலிக்கலாம் என்றார்கள். ஜான் பாஷாவை அழைத்து வந்தேன். வயதாகிவிட்டது, ஆனால் குரல் இறங்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்தது போல் அதன் தலையில் தட்டினார்.

"இதுதான் பாய், நீங்க வித்தது?" என்று கேட்டார் திருஞானசம்பந்தம்.

"இதேதான் சாப். மெட்ராஸ்ல ஒரு கப்பல் ஆபீஸ் மூடுனாங்க. மேஜை, பீரோ, ஃபேன், இது, எல்லாம் ஒரே லாட்டா எடுத்தேன்."

"என்ன மாடல்னு எடுத்தீங்க?"

"எடை போட்டு எடுத்தேன் சாப். எடை போட்டு எடுத்த சாமானுக்கு மாடல் ஏது? பீரோவுக்கு என்ன மாடல்னு கேட்டா சொல்லுவீங்களா?"

"என்ன எடை?"

"ஃபேனோட சேத்தா, சேக்காமலா?"

திருஞானசம்பந்தம் சாட்சியத்தைப் பதிவு செய்துகொண்டார். விற்ற பொருள் மின்விசிறியாகவும் இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்துள்ளதாகக் குழு முடிவு செய்தது.

வெளியே வந்ததும் ஜான் பாஷா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதலாளி, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லை பாய். எல்லாம் உண்மையாகச் சொன்னீர்கள்."

"அதான் பயமா இருக்குது" என்றார்.

சாட்சியம் பயன்படாததால், பொருளையே பரிசோதித்து முடிவு செய்வது என்று தீர்மானித்தார்கள். இதற்காகத்தான் அப்பாதுரை இருந்தார். பட்டுச் சேலை அசலா போலியா என்று சொல்வதில் அவருக்கு இணை கிடையாது. காட்சியகத்தில் இருந்த ஒரே பரிசோதனை முறை சேலைக்கானது. ஆகவே கம்ப்யூட்டருக்கும் அதுவே பொருந்தும் என்று ஓர் உத்தரவு ஏற்கெனவே இருந்தது. அந்த முறைப்படி உடலில் ஒரு துண்டு, பார்டரில் ஒரு துண்டு, முந்தியில் ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டும்.

"இதுல முந்தி எது?" என்று அப்பாதுரை கேட்டார்.

துளசிதான் சொன்னாள். "பத்துப் பேர் பாக்கற பக்கம்தானே முந்தி? அப்ப திரைதான்." கேலியாகத்தான் சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

திரை முந்தி ஆயிற்று. பெட்டி உடல் ஆயிற்று. விசைப்பலகை ஓரமாக நீளமாக இருந்ததால் பார்டர். உடலையும் முந்தியையும் தறியிலேயே இழைக்கு இழை முடிந்து சேர்ப்பதற்குப் பேட்னி என்று பெயர். அது இருந்தால்தான் அசல் காஞ்சிபுரம். அப்பாதுரை பெட்டிக்கும் திரைக்கும் நடுவில் விரலை விட்டுத் தேடினார்.

"பேட்னி இல்லை" என்றார் வருத்தமாக. "ஒயர் போட்டு ஒட்டவச்சிருக்காங்க."

"அது அப்படித்தாங்க வரும்" என்றாள் துளசி.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

ஒயரை வெட்டி, நுனியைச் சுரண்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நல்ல ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கும், மேலே உலோகம் சுற்றியிருக்கும். இதில் மேலே சிவப்பு, உள்ளே செம்பு. "தலைகீழா பண்ணியிருக்காங்க" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த கூச்சம், ஏதோ எங்கள் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி ஒருவர் சொல்லக் கூடாததைச் சொல்லும் கூச்சமாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

பிறகு எரித்துப் பார்த்தார்கள். பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். விசைப்பலகையிலிருந்து எடுத்த துண்டு உருகிச் சொட்டியது. அறை முழுவதும் நாற்றம். திருஞானசம்பந்தம் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, "ஐயா, எதுக்கும் சொல்லி வைக்கிறேன், இது நல்ல அறிகுறி இல்லை" என்றார்.

முடிவு அடுத்த வாரம் காட்சியகத்தின் வாசல் பலகையில் ஒட்டப்பட்டது. பட்டு இல்லை. தங்கம் மிகச் சொற்பம். வெள்ளி அதைவிடக் கொஞ்சம் அதிகம். பேட்னி இல்லை. பொருள்: போலி. விண்ணப்பதாரர்: செவிலிமேடு வேல்முருகன்.

வேல்முருகன் நான்தான். எங்கள் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இதற்கு முன் வந்ததில்லை. நெல் மண்டியில் ஒரு மூட்டையில் ஒரு படி கல் இருந்தது என்று எவனாவது சொன்னால் அவனை எதிரே உட்கார வைத்து மூட்டையையே கொட்டிக் காட்டியவன் நான். பலகை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. அன்று மாலைக்குள் மூன்று சம்பந்தி வீடுகளிலிருந்து போன் வந்தது. போலிச் சேலை வியாபாரம் எப்போது ஆரம்பித்தேன் என்று கேட்டார்கள். அதில் ஒருவர், ஆரம்பித்துவிட்டேன் என்றால் தனக்கும் இரண்டு எடுத்து வைக்கச் சொன்னார்.

"விடுண்ணா" என்றாள் துளசி. "என் பேரு இல்லன்னா என்னா? பார்டர் இருக்குதுல்ல. பொண்ணுங்க கட்டிக்கினு இருக்குதுங்கல்ல."

"உன் பெயருக்காகப் போனேன். இப்போது என் பெயரும் போய்விட்டது."

"அப்ப உன் பேருக்காகப் போ. எனக்காகன்னு சொல்லாதே."

மேல்முறையீடு செய்தேன். திருஞானசம்பந்தம் என்னை எழுந்து நின்று வரவேற்றார். அவரிடம் அதுவரை எவரும் மேல்முறையீடு செய்ததில்லையாம்.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க ஐயா. அந்த முடிவு தப்புன்னு எனக்கே தெரியும். கம்ப்யூட்டர்ல பட்டு எப்படி இருக்கும்? ஆனா நான் தப்புன்னு எழுதினா அது என் சொந்த அபிப்பிராயம் ஆயிடும். என் சர்வீஸ்ல எனக்கு இதுவரைக்கும் சொந்த அபிப்பிராயம் கிடையாது. அதனாலதான் மூணு பிரமோஷன்."

மேல்முறையீட்டுக்கு இரண்டு மடங்கு துண்டு எடுக்க வேண்டும். முதல் முடிவு தவறாக இருந்தால் சிறிய துண்டு எடுத்ததுதான் காரணமாக இருக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. பெட்டியில் ஒரு பக்கம் முழுவதும் போயிற்று. விசைப்பலகை முழுதாகப் போயிற்று. திரையில் சிறு துண்டு எடுக்க முயன்றபோது அது பட்டென்று வெடித்து, அப்பாதுரை நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தி பலவீனமாக இருந்ததாக எழுதினார். மீதியைச் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் பொடி செய்துதான் பார்ப்பார்களாம். பொடி திரும்ப வரவில்லை.

மேல்முறையீட்டு முடிவும் வந்தது. போலி என்ற முடிவு ரத்து செய்யப்பட்டது. மாடல் தெரியாததால் அசல் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் விண்ணப்பதாரரின் வேண்டுகோளை மனிதாபிமானத்துடன் பரிசீலித்து, பொருளை ஒரு முறை மின்சாரம் கொடுத்து இயக்கிப் பார்க்கச் சிறப்பு அனுமதி வழங்கப்பட்டது.

"எதை இயக்குவது?" என்றேன்.

"அதுக்காகத்தான் மின் பிரிவு ஒத்துக்கிட்டாங்க" என்றார் திருஞானசம்பந்தம். "பொருள் இல்லைன்னு ஆன பிறகு அவங்களுக்கு ஆபத்து இல்லை பாருங்க."

கமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. தோள் மட்டும் ஆடியது.

நான் கோபப்பட்டேன். என் வயதில் ஒரு மனிதன் எவ்வளவு சத்தம் போடலாமோ அவ்வளவு போட்டேன். திருஞானசம்பந்தம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வழி இருப்பதாகச் சொன்னார். பொருள் இல்லாமல் போனால், அதோடு நேரடித் தொடர்புடைய வேறொன்றை அதன் இடத்தில் காட்சிக்கு வைத்து, விசாரணையைத் தொடரலாம். ஆறு மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பிறகு எவரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் தகடு அடித்துவிடலாம். அதோடு நேரடித் தொடர்புடையதாக மிச்சமிருந்தது துளசி ஒருத்திதான்.

"என் தங்கையைக் காட்சிக்கு வைப்பதா?"

"உக்காந்திருக்கப் போறாங்க, அவ்வளவுதான் ஐயா. ஃபேன் உண்டு. பத்துலேர்ந்து அஞ்சு. திங்கள் லீவு."

நான் மறுத்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண் கயிறு கட்டிய மூலையில் உட்காருவதா என்று எழுந்தேன். துளசி எழவில்லை.

"நான் உக்கார்றேன்" என்றாள்.

"துளசி."

"பொட்டிய ஒரு தரம் ஆன் பண்ணிப் பாக்கலாம்னு வந்தேன். பொடி பண்ணிட்டாங்க. இனிமே அந்தப் பொட்டியப் பத்தி இந்த ஊர்ல பேச நான் ஒருத்திதான் இருக்கறேன். உக்காந்து பேசிட்டுப் போறேன். நீ கத்தாதே, பிரஷர் ஏறும்."

ஒரு நிபந்தனை இருந்தது. விண்ணப்பதாரர் காட்சிப் பொருளைத் தனக்குத் தெரியும் என்று பொதுமக்கள் முன் சொன்னால், அது சாட்சியைக் கலைத்ததாகும். விண்ணப்பம் நிரந்தரமாகத் தள்ளுபடி. கையெழுத்து போட்டேன்.

மூன்று மாதம் ஆயிற்று. பெட்டி வைப்பதற்காகச் செய்த கண்ணாடிக் கூண்டு காலியாக இருக்கிறது. அதன் பக்கத்தில் நாற்காலி. சுற்றிலும் கயிறு. முன்னால் ஓர் அட்டை: காட்சிப் பொருள், மாடல் உறுதி செய்யப்படவில்லை. துளசி தினமும் டவுன் பஸ்ஸில் போகிறாள். நான் நேற்றுத்தான் முதன்முறையாகப் போனேன். டிக்கெட் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

அறையில் ஒரு குடும்பம் இருந்தது. கல்யாணச் சேலை எடுக்க ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எடுத்து முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே வந்திருக்கிறார்கள். மணப்பெண் கையில் சேலைப் பையைப் பிடித்திருந்தாள். துளசி கையை நீட்டிப் பையைத் திறக்கச் சொன்னாள்.

"இந்த மயில நான்தாம்மா போட்டேன். கம்ப்யூட்டர்ல. இங்க பாரு, அலகு வாலப் புடிச்சிருக்குதுல்ல? மொதல்ல அது எட்டல. ஒரு நட்சத்திரம் தள்ளிப் போட்டேன், எட்டிடுச்சி. என் பேரு துளசி."

"கடையில சிட்டிபாபு பார்டருன்னு சொன்னாங்களே" என்றாள் பெண்.

காட்சியக ஊழியர் அருகில் வந்து, மனப்பாடமாக, "இவர் கூறுவது உறுதி செய்யப்படாத தகவல், காட்சியகம் பொறுப்பல்ல" என்றார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

பெண் துளசியைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. யாராவது ஒருவர் ஆமாம் என்று சொன்னால் போதும். அறையில் அவள் வீட்டாரையும் துளசியையும் தவிர, வயதில் பெரியவனாக, வேட்டி சட்டையோடு, நம்பத் தகுந்தவனாக நின்றது நான்தான்.

"ஐயா, நீங்க இந்த ஊருதானே? இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

ஊழியர் என்னைப் பார்த்தார். இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"தெரியாதும்மா" என்றேன். முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

பெண் பையை மூடினாள். துளசி என்னை நேராகப் பார்த்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வெளியூர்க்காரரிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னாள்.

"பரவால்லீங்க. அந்தப் பக்கம் நல்ல நல்ல தறியெல்லாம் வச்சிருக்காங்க. போயிப் பாருங்க ஐயா."